கப் நூடுல்ஸை நிறுத்தாதீர்கள், ஊறவைத்துக் கொடுங்கள்

விமான நிறுவனங்களில், பயணிகளுக்கு என்ன சாப்பாடு, அதை எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அனைவருக்கும்,

வணக்கம்.

என் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் ஓர் இரவு விமானத்தில் ஏற்பட்டது. எனக்கு நடு இருக்கை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் கப் நூடுல்ஸ் கேட்டிருந்தார். பணிப்பெண் கப்பில் வெந்நீர் ஊற்றி, மூடியை லேசாக மடக்கிவிட்டு, நடைபாதையில் நின்றபடி என் மடிக்கு மேலாக நீட்டினார். பெரியவரும் கை நீட்டினார். இருவர் கைக்கும் நடுவில் கப் இருந்த அந்த நொடியில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெரிய குலுக்கல்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் கண் விழிக்கவில்லை. ஆனால் கப்பில் இருந்ததில் பாதி என் மேல்.

அந்தப் பெண் தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். அவர் கையும் சிவந்திருந்ததை இறங்கும்போதுதான் கவனித்தேன். பெரியவர் மிச்சப் பயணம் முழுக்க என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பணிப்பெண் மேலும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு நான் ஏறிய வேறு விமானங்களிலும் இதே மாதிரிதான் கொடுக்கிறார்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவ்வளவு நடந்த பிறகும், நூடுல்ஸை நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீண்ட பயணத்தில் நடுராத்திரிப் பசி எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். விளக்குகள் அணைந்திருக்கும், குளிர் வேறு. உடம்புக்கு இது இரவா பகலா என்றே புரிவதில்லை. அந்த நேரத்தில் பிஸ்கட்டும் குளிர்ந்த சாண்ட்விச்சும் வயிற்றுக்குள் போகும், பசி மட்டும் ஆறாது. சூடாக ஏதாவது வேண்டும் என்றிருக்கும். அப்போது எங்கோ நாலு வரிசை முன்னால் ஒருவர் மூடியைத் திறப்பார். மணம் வரும். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் அழைப்பு விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்குகளை ஆசை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பலருக்கு அந்த இரவில் கிடைக்கும் ஒரே ஆறுதல் அதுதான்.

வானத்தில் நூடுல்ஸ் ருசிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். மூக்கு காய்ந்து மணம் சரியாகத் தெரியாது. மணம் போனால் சுவையில் பெரும்பகுதி போய்விடும். லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் விமானத்தின் காற்றழுத்தத்தையும் வறட்சியையும் தரையிலேயே உண்டாக்கிச் சோதித்தபோது, உப்பும் இனிப்பும் வழக்கத்தைவிடக் குறைவாகவே நாக்குக்குத் தெரிந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். விமானத்துக்குள் கேட்பது போன்ற 85 டெசிபல் இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டுச் சுவை பார்க்கச் சொன்னார்கள். இனிப்பு மங்கியது, காளானிலும் இறைச்சி ரசத்திலும் இருக்கும் உமாமி என்ற சுவை மட்டும் கூடியது. கடற்பாசி ரசத்திலிருந்து 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேதா கிகுனே பிரித்தறிந்து பெயர் வைத்தாரே, அதே உமாமிதான். நூடுல்ஸ் மசாலாப் பொட்டலத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் உப்பும் உமாமியும்தானே. உங்கள் சமையல் கூடங்கள் எவ்வளவோ பாடுபட்டுச் செய்யும் குழம்புகளும் கேக்குகளும் மேலே போனதும் சப்பென்று ஆகிவிடும்போது, இந்தச் சின்னக் கப் மட்டும் தோற்காமல் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1958-இல் உடனடி நூடுல்ஸை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோமோஃபுகு ஆண்டோ, 1966-இல் அமெரிக்கா போயிருந்தார். அங்கே கிண்ணம் இல்லாததால் நூடுல்ஸ் கட்டியை உடைத்துக் காகிதக் கப்பில் போட்டு, வெந்நீர் ஊற்றி, முள்கரண்டியால் சாப்பிட்டவர்களைப் பார்த்தார். கப்பில் விற்கலாம் என்ற எண்ணம் அங்கே வந்தது. ஆனால் காற்றுப் புகாமல் எப்படி மூடுவது என்று தெரியவில்லை. திரும்பி வரும் விமானத்தில் மக்கடாமியா பருப்பு கொடுத்தார்கள். அந்தச் சின்ன டப்பாவின் மேல் காகிதமும் அலுமினியத் தாளும் சேர்த்து ஒட்டிய மூடி இருந்தது. அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1971-இல் கடைக்கு வந்த கப் நூடுல்ஸின் மூடி அதிலிருந்து வந்ததுதான். ஒரு விமானப் பணியாளர் கையிலிருந்து கிடைத்த பொருள், உலகம் இன்று பாக்கெட்டும் கப்புமாக ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி முறை சாப்பிடும் ஓர் உணவுக்கு மூடியானது. அதை விமானத்தை விட்டே இறக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இறக்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 15 முதல் கொரியன் ஏர், நீண்ட தூர விமானங்களின் எகானமி வகுப்பில் கப் நூடுல்ஸ் கொடுப்பதை நிறுத்தியது. காற்றுக் கொந்தளிப்பு 2019-ஐவிட இரண்டு மடங்காகிவிட்டது, வெந்நீரால் தீக்காயம் ஏற்படும் ஆபத்து அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நான் துளியும் மறுக்கவில்லை. மறுக்க என் தொடை விடாது. 1979-க்கும் 2020-க்கும் இடையே வடக்கு அட்லாண்டிக் வான்வழியில், முன்கூட்டிக் கண்ணுக்குத் தெரியாத கடுமையான கொந்தளிப்பு 55 சதவீதம் கூடியிருப்பதாக பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் 2023-இல் கண்டறிந்தது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், காலைச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஐந்து வினாடிக்குள் 178 அடி கீழே விழுந்தது. ஓர் உயிர் போனது, பலருக்குப் பலத்த காயம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வெந்நீரைப் பற்றி அலட்சியமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அதே கொரியன் ஏர் உயர் வகுப்புகளில் நூடுல்ஸைத் தொடர்ந்தது. அங்கே இருக்கைகள் விலகியிருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொண்டுவந்து கொடுக்க முடிகிறது என்பது விளக்கம். சரி, அதுவும் நியாயம்தான். ஒருவர் மடிக்கு மேலாக இன்னொருவருக்கு நீட்ட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. எனக்கு நடந்தது அங்கே நடந்திருக்காது. ஆனால் இந்த விளக்கத்தையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஆபத்து நூடுல்ஸில் இல்லை, கொடுக்கும் முறையில் இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. முறையில்தான் கோளாறு என்றால் முறையை மாற்றலாமே.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கப் பயணியின் கைக்கு வரும் முன்பே ஊறி முடிந்திருக்க வேண்டும்.

இப்போது நடப்பது என்ன? அப்போதுதான் ஊற்றிய நீர், இருப்பதிலேயே அதிகச் சூட்டில், முழுக்க நீராகத் தளும்பிக்கொண்டு, அரைகுறையாக மூடிய மூடியோடு நடைபாதையில் வருகிறது. மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியது பயணி, அதுவும் ஆடும் மடக்கு மேசையில். ஒரு கப் நூடுல்ஸின் வாழ்க்கையிலேயே ஆபத்தான சில நிமிடங்களை, இருப்பதிலேயே ஆபத்தான இடத்தில் கழிக்க வைக்கிறோம். அந்த நிமிடங்கள் பின்னால், உங்கள் சமையல் மூலையில், ஆடினாலும் சரியாத ஒரு தட்டில் மூடியோடு கழியட்டும். அதற்குள் சூடு இறங்கும். அதைவிட முக்கியம், நீரில் ஒரு பங்கை நூடுல்ஸ் குடித்துவிட்டிருக்கும். தளும்பிச் சிந்துவதற்கு மிச்சமிருப்பது குறைவு.

சூடு இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. 70 டிகிரி வெந்நீர் பெரியவர்களின் தோலை ஆழமாகச் சுட ஒரு வினாடி போதும். 60 டிகிரி என்றால் ஏறத்தாழ ஐந்து வினாடி ஆகும். அந்த நாலு வினாடிதான் பதறி எழுந்து, துணியை விலக்கி, தட்டிவிடக் கிடைக்கும் நேரம். எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்குத் தோல் மெல்லியது, அவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கூடவே, சூடான நூடுல்ஸ் இழை வெறும் நீர் மாதிரி வழிந்து போகாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் ஊறிய பிறகும் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் அப்போதே ஊற்றிக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

சூடு குறைந்தால் நூடுல்ஸ் வேகாதே என்று உங்களில் சிலர் சொல்லலாம். கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. மேலே ஏற ஏற, 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஆக விமானத்துக்குள் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். நூறு டிகிரி வெந்நீர் எப்போதுமே உங்களிடம் இருந்ததில்லை. அப்படியும் இத்தனை வருடம் நூடுல்ஸ் ஊறித்தான் வந்திருக்கிறது.

ஏனென்றால் கப்பில் இருக்கும் நூடுல்ஸ் ஏற்கெனவே வெந்தது. தொழிற்சாலையில் அதை ஆவியில் வேகவைத்து, பிறகு 140 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பாய்ந்து வெளியேறும்போது இழை முழுக்க நுண்ணிய துளைகள் விழுகின்றன. நாம் ஊற்றும் வெந்நீர் அதை வேகவைப்பதில்லை, அந்தத் துளைகளுக்குள் திரும்பப் புகுகிறது, அவ்வளவுதான். இழையை மெல்லியதாகச் செய்தால் குறைந்த சூட்டிலும் புகும். இது வெறும் யோசனை இல்லை, செய்து காட்டியிருக்கிறார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் 1992-இலேயே ஆண்டோவின் நிஸ்ஸின் நிறுவனத்தோடு சேர்ந்து, விமானத்தில் கிடைக்கும் குறைந்த சூட்டு நீரிலேயே ஊறும் உடோன் நூடுல்ஸைக் கப்பில் கொண்டுவந்தது. 2005-இல் அதே நிஸ்ஸின் விண்வெளிக்கே நூடுல்ஸ் அனுப்பியது. டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் போன சோய்ச்சி நோகுச்சிக்காகச் செய்தது. ஓடத்தில் கிடைத்த வெந்நீர் 70 டிகிரிதான், அதில் ஊறும்படி மாவையே மாற்றினார்கள். ஒரு வாய்க்கு ஒன்றாக உருண்டை பிடித்தார்கள். குழம்பு மிதந்து சிதறக் கூடாது என்று அதைக் கெட்டியாக்கினார்கள். எடையே இல்லாத இடத்தில் ஒருவர் பத்திரமாகச் சாப்பிடுவதற்காக இவ்வளவு யோசித்தவர்கள் இருக்கும்போது, முப்பத்தைந்தாயிரம் அடியில் நடு இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்காகக் கொஞ்சம் யோசிக்கலாம் அல்லவா?

வீட்டில் நானே செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய சாதாரண கப், 75 டிகிரி நீர், மேலே ஒரு தட்டு வைத்து மூடி எட்டு நிமிடம். அடியில் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, மற்றபடி நன்றாகவே ஊறியிருந்தது. கப்பைக் கையில் பிடித்து உறிஞ்சிக் குடிக்க முடிந்தது. விமானத்துக்கென்றே செய்த மெல்லிய இழை என்றால் இன்னும் எளிது.

அப்புறம் கப். 2006-இல் கலிபோர்னியாவின் தீக்காய மருத்துவர்கள் சிலர், நூடுல்ஸ் சூப்பால் வெந்து வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, கடையில் கிடைக்கும் கப்புகளை வாங்கி எது எவ்வளவு சாய்த்தால் கவிழ்கிறது என்று அளந்தார்கள். உயரமாக, அடி குறுகி இருந்தவை சீக்கிரம் கவிழ்ந்தன. குட்டையாக, அடி அகன்றவை தாக்குப்பிடித்தன. நீங்கள் இன்று கொடுப்பவற்றில் பல அந்த உயரமான கப்தான். வண்டியில் நிறைய அடுக்க அது வசதி என்பது புரிகிறது. அகன்ற கிண்ணமும், ஒரு முறை அழுத்தினால் கிளிக்கென்று பூட்டும் மூடியும் கூடுதல் இடம் கேட்கும், கூடுதல் செலவும் ஆகும். நூடுல்ஸை விலைக்கு விற்கும் நிறுவனங்கள் அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துக்கொள்ளட்டும், நான் கொடுக்கத் தயார்.

பணியாளர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் கேட்பார்கள். அந்தப் பத்துக் கப்பையும் பத்து முறை நடந்து கொடுப்பவர் அவர்தான். தீக்காயத்துக்கு முதலில் ஆளாவதும் அவர் கைதான். ஆகவே கேட்ட நேரத்துக்கெல்லாம் என்று வேண்டாம். இரவுச் சாப்பாட்டின்போதே யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நடுவில் ஒன்றோ இரண்டோ வேளைகளில் மட்டும் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊறவைத்து, மூடிய கிண்ணங்களாகத் தட்டில் வைத்துக் கொண்டுவரலாம். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் கிடையாது. 2024 மே மாதம் நடந்த அந்தத் துயரத்துக்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விளக்கு எரியும்போது சூடான பானமும் சாப்பாடும் கொடுப்பதை நிறுத்தியது. அந்த விதி எல்லாருக்கும் வரட்டும். விளக்கு எரியாவிட்டாலும், இப்போது வேண்டாம் என்று ஒரு பணியாளருக்குத் தோன்றினால் அவர் சொல்வதே முடிவாக இருக்கட்டும். பயணி முகம் சுளித்துப் புகார் எழுதினால், அந்தப் புகார் அவர் வேலைக்கு எதிராகப் போகக் கூடாது. இதை நீங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் நடுராத்திரி இரண்டு மணிக்கு, களைத்துப் போயிருக்கும் ஒரு புதுப் பணியாளருக்கு அது கை கொடுக்காது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் நூடுல்ஸிலேயே அதில் பாதியோ அதற்கு மேலோ போய்விடுகிறது. வானத்தில் உப்பு மங்கித் தெரிகிறது என்பதற்காக இன்னும் அள்ளிப் போடாதீர்கள். மங்காத உமாமியைக் காளானிலிருந்தும் தக்காளியிலிருந்தும் கூட்டிக்கொண்டு உப்பைக் குறைக்கலாம். பொட்டலத்தைத் தனியாக வைத்தால் ரத்த அழுத்தம் உள்ளவர் பாதி போட்டுக்கொள்வார். ஊறிய பிறகு கலக்கினாலும் மசாலா கரையும்.

மூடியின் மேல் பெரிய எழுத்தில், சைவமா அசைவமா, கோதுமை, முட்டை, இறால் தூள் இருக்கிறதா என்று அச்சிடுங்கள். அணைந்த விளக்கில், செல்போன் வெளிச்சத்தில் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்கறிப் படம் போட்ட கப்பின் பொட்டலத்துக்குள் கோழித் தூள் இருப்பது அபூர்வம் இல்லை.

கடைசியாக, எனக்கு அன்று கிடைக்காத ஒன்று. வெந்நீர் பட்ட இடத்தில் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதுதான் தீக்காயத்துக்கு முதல் சிகிச்சை. விமானக் கழிவறைக் குழாயில் அது நடக்காது. அன்று எனக்கு ஐந்து பாட்டில் தண்ணீர் கிடைத்தது, சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன் பிறகு யாரோ ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்தார்கள். ஐஸை நேரடியாக வைக்கக் கூடாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். வெந்நீர் கொடுக்கும் ஒவ்வொரு விமானத்திலும், தீக்காயத்தின் மேல் போட்டுவைக்கும் குளிர்ச்சியான ஜெல் துணி, கைக்கு எட்டும் இடத்தில், போதுமான அளவு இருக்க வேண்டும். அதை எப்படிப் போடுவது என்பது பணியாளர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நூடுல்ஸை நிறுத்திவிட்டாலும் இது வேண்டும், காபியும் தேநீரும் அதே நடைபாதையில்தான் வருகின்றன.

ஒரே ஒரு இரவு வழித்தடத்தில், மூன்று மாதம் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். ஊறவைத்து, மூடி, சொன்ன நேரத்தில், அகன்ற கிண்ணத்தில். சிந்தியது எத்தனை, சுட்டது எத்தனை என்று எண்ணி, அந்தக் கணக்கை எங்களுக்கும் சொல்லுங்கள். அந்த வழித்தடம் எது என்று தெரிந்தால் நான் டிக்கெட் எடுத்து வருகிறேன். நடு இருக்கையே போதும்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவர்